தாமதமாக ஆறும் கடல்

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் கிரீட் தீவின் வடகரை ஹோட்டல்கள் பாதிக் கடையைக் கட்டியிருக்கும். ஹனியா நகரத்துக்கு மேற்கே அகியா மரினா, பிளதானியாஸ் என்று கடலை ஒட்டியே நீளும் ஊர்களில் சாய்வு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டிருப்பார்கள். குடைகளின் துணியை உருவி எடுத்துக்கொண்டு போய்விட, கம்புகள் மட்டும் மணலில் வரிசையாக நிற்கும். மெனு அட்டையில் இருப்பதில் பாதி கிடைக்காது. கேட்டால், “சீசன் முடிந்துவிட்டதே” என்று பதில் வரும். மாலை ஆறே முக்காலுக்குச் சூரியன் போய்விடும். இரவு உணவுக்கு வெளியே உட்கார ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

ஆனால் தண்ணீரில் இறங்கினால் கதை வேறு. ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ். காலை எட்டு மணிக்குக் காற்றைவிடக் கடல் இதமாக இருக்கும். கரைக்கு ஏறி வரும்போதுதான் உடம்பு நடுங்கும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. அக்டோபர் 20ஆம் தேதி உச்சிவேளையில் கிரீட்டின் வானத்தில் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 44 டிகிரி உயரத்தில் நிற்கிறது. பகல் பொழுது பதினொரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இதே உயரம், இதே பகல் நீளம் ஆண்டில் இன்னொரு நாளும் வருகிறது: பிப்ரவரி 20ஐ ஒட்டி. மேகங்களைக் கணக்கில் விட்டுவிட்டால் அந்த இரண்டு நாட்களிலும் அந்தக் கரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் விழும் வெயில் ஒரே அளவுதான். ஆனால் பிப்ரவரியில் அதே கடல் 16 டிகிரியில் கிடக்கும். ஒரே வெயிலுக்கு ஏழு டிகிரி வித்தியாசம். சூரியன் தரும் தினக்கூலி இரண்டு நாளும் ஒன்றுதான்; கடலின் கையிருப்பு வேறு.

பக்கத்திலேயே இருக்கும் மணலுக்கு இப்படிக் கையிருப்பு ஏதும் கிடையாது. ஆகஸ்ட் மதியம் செருப்பில்லாமல் நடக்க முடியாத மணல், சூரியன் மறைந்த இரண்டு மணி நேரத்தில் குளிர்ந்துவிடுகிறது. மணலுக்குள் வெளிச்சம் புகாது. மேல்தோலில் விழுந்த வெப்பம் தானியத்திலிருந்து தானியத்துக்குத் தொற்றித் தொற்றித்தான் கீழே இறங்க வேண்டும்; ஒரு பகலில் அது சாண் ஆழம்கூடச் சரியாகப் போவதில்லை. சுடும் மணலைக் கையால் தோண்டிப் பார்த்தால் கீழே ஈரமும் குளிர்ச்சியும் தட்டுப்படுவது இதனால்தான்.

தண்ணீர் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. தெளிந்த கடலில் நீல ஒளி பல பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும். போதாததற்கு அலையும் காற்றும் மேல்நீரைக் கீழே புரட்டிக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. அதோடு, தண்ணீருக்கு வெப்பத்தை விழுங்கும் வயிறு பெரிது. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படுவதைப்போல் நான்கு மடங்கு வெப்பம் ஒரு கிலோ கடல்நீருக்குத் தேவை. எடையை விட்டுவிட்டு ஒரே கொள்ளளவை எடுத்து ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் மூவாயிரம் மடங்குக்கு மேல் போகிறது. நம் தலைக்கு மேல் விண்வெளியின் விளிம்பு வரை நிற்கும் மொத்தக் காற்றும் தாங்கும் வெப்பத்தை, கடலின் மேல் இரண்டரை மீட்டர் நீர் தாங்கிவிடும். ஓர் ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் எட்டும் உயரம் அவ்வளவுதான்.

கோடை முடியும்போது கிரீட்டைச் சுற்றிய கடலில் வெதுவெதுப்பான அடுக்கு சுமார் முப்பது நாற்பது மீட்டர் தடிமனுக்கு இருக்கும். அதில் முப்பது மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே உள்ள அந்த நீர்த்தூண் ஒரே ஒரு டிகிரி குளிர வேண்டுமானால் அது வெளியேற்ற வேண்டிய வெப்பம், மின்சாரக் கணக்கில் சொன்னால், சுமார் 34 யூனிட். ஹோட்டலுக்கு எதிரே ஆழக்கடலில் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சதுரம் ஒன்றை மனதில் வரைந்தால் ஏறத்தாழ மூன்று லட்சத்து நாற்பதாயிரம் யூனிட். இதுவும் ஒரு டிகிரிக்குத்தான்.

இந்தக் கணக்கு புரிந்தால் தாமதமும் புரியும். ஜூன் 21ஆம் தேதிதான் பகல் மிக நீண்ட நாள். ஆனால் அன்றைக்குக் கடல் 22 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அதற்குப் பிறகு வெயில் குறையத் தொடங்கினாலும், கடலுக்கு வருவது கடல் இழப்பதைவிட இன்னும் அதிகம். ஆகவே வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. வரவும் செலவும் சரிக்குச் சரியாகும் நாள் ஆகஸ்ட் பிற்பகுதியில்தான் வருகிறது. அப்போது 26 டிகிரி. அங்கிருந்து இறங்கத் தொடங்குகிறது, அதுவும் மிக மெதுவாக.

மெதுவாக இறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செப்டம்பர் இரவில் கடலின் மேல்தோல் குளிர்ந்தால், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே போய்விடும். அந்த இடத்துக்குக் கீழிருந்து சூடு குறையாத நீர் மேலே வரும். மறுநாள் காலை குளிக்க இறங்குபவரைத் தொடுவது அந்தப் புது நீர். மேற்பரப்பு மட்டும் தனியாகக் குளிர்ந்துவிட முடியாது. அடுக்கு முழுவதும் சேர்ந்துதான் குளிர வேண்டும். அந்த அடுக்கும் புரளப் புரள மேலும் தடித்துக்கொண்டே போகும். இப்படியே டிசம்பர், ஜனவரி என்று போய், பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோதான் அது அடிமட்டத்துக்கு, 16 டிகிரிக்கு, வந்து சேர்கிறது. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே கடந்து போயிருக்கும்.

ஆகஸ்டில் கடல் இன்னும் சூடாயிற்றே, அப்போதே போகலாமே என்று கேட்கலாம். போகலாம், வாடகையை மறந்துவிட்டால். ஆனால் ஆகஸ்டில் ஏஜியன் கடலுக்கு ஒரு எஜமான் இருக்கிறான். மெல்தேமி என்ற வடக்குக் காற்று. ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாள்கணக்கில் விடாமல் வீசும். கப்பல்கள் துறைமுகத்தைவிட்டு நகர முடியாத நாட்களும் உண்டு. நக்சோஸ், பரோஸ் போன்ற தீவுகளில் சாப்பாட்டு மேஜை விரிப்பைக் கிளிப் போட்டுப் பிடித்து வைப்பார்கள். அரிஸ்டாட்டில் தன் வானிலை நூலில் இந்தக் காற்றைப் பற்றி யோசித்திருக்கிறார்: கோடை உச்சம் கடந்த பிறகு ஏன் வீசுகிறது, பகலில் வீசி இரவில் ஏன் அடங்குகிறது என்று. கிழக்கு ஏஜியனில், துருக்கிக் கரையை ஒட்டி, இந்தக் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவதால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. நடுக்கோடையில் அங்கே கடலில் இறங்குபவர்கள் எதிர்பாராமல் ஜில்லிட்டுப் போவார்கள்.

இந்தக் காற்றின் வேர் ஒன்று நம் பக்கம் இருக்கிறது. பால்கன் பகுதியில் காற்றழுத்தம் அதிகம், துருக்கியின் மேல் குறைவு; இந்த ஏற்றத்தாழ்வுதான் மெல்தேமியை ஓட்டுகிறது. துருக்கியின் மேல் இருக்கும் அந்தத் தாழ்வழுத்தம் தனியாக முளைத்ததல்ல. தெற்காசியாவில் தென்மேற்குப் பருவமழையை இழுத்து வரும் பெரிய தாழ்வழுத்தப் பகுதி ஈரான், ஈராக் வழியாக நீட்டும் மேற்கு முனை அது. கிரேக்கத்தின் மேகமற்ற கோடை வானத்துக்கும் இதே இடத்தில் ஒரு காரணம் உண்டு. மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் என்ற இரு வானிலை அறிஞர்கள் 1996இல் அதை விளக்கினார்கள். இந்தியாவின் மேல் மழை கொட்டும்போது நீராவி நீராக மாறி வெளிவிடும் வெப்பம் மேல்வானத்தில் பெரிய அலைகளைக் கிளப்புகிறது. அவை மேற்கே பரவி, கிழக்கு மத்தியதரைக் கடலின் மேல் காற்று கீழே அமுங்கும்படி செய்கின்றன. அமுங்கும் காற்றில் மேகம் திரளாது. கேரளத்திலும் கொங்கணத்திலும் குடை பிடிக்கும் மாதங்களில் கிரீட்டில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருப்பது இரண்டு தனித்தனிச் செய்திகள் அல்ல.

செப்டம்பரில் தென்மேற்குப் பருவக்காற்று பின்வாங்கத் தொடங்கும். மெல்தேமியும் தளரும். அக்டோபர் 20ஐ ஒட்டி, தமிழகக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அதே வாரத்தில், கிரீட்டில் காற்று ஓய்ந்த, அலை அடங்கிய காலைகள் கிடைக்கும். கிரேக்கர்கள் இதைப் புனித டிமிட்ரியோஸின் சின்னக் கோடை என்கிறார்கள். அந்தப் புனிதரின் திருநாள் அக்டோபர் 26. எல்லா ஆண்டும் சொல்லி வைத்தாற்போல் வருவதில்லை. வந்தால் ஊரே மறுபடி வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த அசையாத நீரில் கழுத்தளவு நின்று குனிந்து பார்த்தால் கால்விரல் நகம் தெரியும். இந்தத் தெளிவைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் இது வறுமையின் தெளிவு. ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக்கின் மேல்நீர் உள்ளே வருகிறது. அது ஏற்கெனவே சத்துக் குறைந்த நீர். வெயிலிலும் காற்றிலும் ஆவியாகி, உப்பேறி, கனத்து, ஆழத்துக்குப் போன மத்தியதரை நீர் அதே நீரிணையின் அடிப்பக்கமாக வெளியேறுகிறது. போகும்போது ஆழத்தில் சேர்ந்த சத்துகளையும் எடுத்துக்கொண்டு போகிறது. வருவது ஏழை நீர், போவது பணக்கார நீர். கிழக்கு மூலைக்கு வந்து சேரும்போது குறிப்பாக பாஸ்பரஸ் கிட்டத்தட்ட வழித்தெடுத்தாற்போல் ஆகிவிடுகிறது. மிதவைத் தாவரங்கள் பெருக வழியில்லை. அவை பெருகினால்தான் நீர் பச்சையாகக் கலங்கும். இல்லாததால் சிவப்பொளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, நீலம் மட்டும் திரும்பி வந்து கண்ணில் படுகிறது.

2002இல் ஆய்வாளர்கள் சைப்ரஸுக்குத் தெற்கே கடலில் பாஸ்பேட்டைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். பட்டினி கிடந்த கடலுக்குச் சோறு போட்டால் பச்சை பூக்கும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு: பச்சையம் குறைந்தது. பாஸ்பேட்டை முந்திக்கொண்டு விழுங்கியவை பாக்டீரியாக்கள். அடுத்து, அவற்றையும் நுண்தாவரங்களையும் தின்னும் சிற்றுயிர்கள் கொழுத்தன. கோப்பிபாடு என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகள் கூடுதலாக முட்டையிட்டன. செடி வளர்வதற்குள் ஆடு மேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலின் உப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெருங்கடல்களில் ஒரு கிலோ நீருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு. கிரீட்டைச் சுற்றி 39 கிராம். மல்லாந்து படுத்தால் உடம்பு சற்றே தாராளமாக மிதக்கும்.

இனி கரையில் கிடக்கும் அந்தப் பழுப்புக் குப்பை. அக்டோபரில் மத்தியதரைக் கரைகள் பலவற்றில் அலை தொடும் கோட்டை ஒட்டி நாடா நாடாவாகக் காய்ந்த இலைகள் குவிந்து கிடக்கும். சில இடங்களில் முழங்கால் உயரத்துக்கும் மேல். விருந்தினர்கள் கடற்பாசி என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு விரல் அகல நாடா. நரம்புகள் நீளவாக்கில் ஓடும். மேலே ஆங்காங்கே வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புபோல் உதிரும். சிலவற்றில் குண்டூசித் தலையளவுக்குச் சுருண்ட வெள்ளைக் குழல்கள் ஒட்டியிருக்கும். அவை புழுக்களின் வீடுகள். இது பாசி இல்லை, பூக்கும் தாவரம். பொசிடோனியா என்ற கடற்புல். வேரும் தண்டும் இலையும் உண்டு. மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் வளராத இனம். நாற்பது மீட்டர் ஆழம் வரை புல்வெளியாகப் பரந்து நிற்கும். அதன் கிடைத்தண்டு ஓர் ஆண்டில் ஊர்ந்து செல்வது சில சென்டிமீட்டர்தான். இலையுதிர் காலத்தில் பழைய இலைகளை மரங்களைப் போலவே உதிர்க்கிறது. பூப்பதும் இதே பருவத்தில், கடலுக்கடியில்.

குவியலுக்குள் கைவிட்டால் உருண்டைகள் சில அகப்படும். எலுமிச்சை அளவு, எடையே இல்லாமல், கம்பளியைத் திரட்டியதுபோல் இருக்கும். இலையடி நார்களை அலை உருட்டி உருட்டிச் செய்தது அது. இப்போது அந்த நார்களோடு பிளாஸ்டிக் துணுக்குகளும் சேர்ந்தே உருள்கின்றன என்று ஸ்பெயினில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. ஹோட்டல்காரருக்கு இந்தக் குவியல் தலைவலி. டிராக்டர் வைத்து வாரிவிட நினைப்பார். கடலறிஞர்கள் கையைப் பிடித்துத் தடுப்பார்கள். குளிர்காலப் புயலலை மணலை அள்ளிக்கொண்டு போகாமல் தடுப்பது இந்த மெத்தைதான். இங்கே ஓதம் மிகச் சிறியது. கடல் ஏறி இறங்குவது பெரும்பாலான கரைகளில் ஓரிரு சாண். அந்தத் தைரியத்தில்தான் உணவகங்கள் நீரிலிருந்து நாலடி தள்ளி மேஜை போடுகின்றன. ஆகவே கரையை அரிப்பது ஓதமல்ல, புயல். அப்போது குறுக்கே கிடப்பது இந்தக் குப்பை.

கடல் தன் கோடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நிலம் தன் வசந்தத்தைத் தொடங்கிவிடுகிறது. ஹோட்டலுக்குப் பின்னால் காய்ந்து வெடித்த மேட்டில், ஓர் இலைகூட இல்லாமல், இடுப்பளவு உயரத்துக்கு ஒற்றைத் தண்டு ஒன்று நேராக எழுந்து நிற்கும். மேல்பாதி முழுக்க வெள்ளைப் பூ. கடல் வெங்காயம். நம் ஊர் நரிவெங்காயத்தின் நெருங்கிய உறவு. கோடையெல்லாம் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கிவிட்டு, மழைக்கு முன்னால் பூவை மட்டும் அனுப்புகிறது, இலை பிறகுதான். இந்த நாட்டில் செடிகளுக்குச் சோதனைக் காலம் குளிரல்ல, வறட்சி. முதல் மழை விழுந்த சில வாரங்களில் மேடெல்லாம் பச்சை பூசிக்கொள்ளும். புத்தாண்டுக்கு கிரேக்க வீடுகளில் இந்தக் கிழங்கை வாசலில் தொங்கவிடுவார்கள். பிடுங்கிப் போட்டாலும் துளிர்க்கிற பிடிவாதம் அதற்கு.

ஏஜியனின் ஆளில்லாப் பாறைத்தீவுகளிலும் கடைசி விருந்தினர்கள் இந்த மாதத்தில்தான் கிளம்புகிறார்கள். எலியனோரா வல்லூறு. உலகில் உள்ள இந்த இனத்தில் மிகப் பெரும்பங்கு கிரேக்கத் தீவுகளில்தான் முட்டையிடுகிறது. ஐரோப்பாவின் மற்றப் பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரித்துக் கூட்டை மறந்துவிட்ட பிறகு, ஜூலை கடைசியில் இவை முட்டையிடுகின்றன. ஆகஸ்ட் பிற்பகுதியில் குஞ்சு வெளிவரும். அதே நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து சின்னஞ்சிறு பாடும் பறவைகள் ஆப்பிரிக்காவை நோக்கிக் கடலைக் கடக்கத் தொடங்கும். களைத்து, ஒதுங்க இடமில்லாமல். வல்லூறுகள் மெல்தேமியின் மேல் சிறகை விரித்து, ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்று, காத்திருக்கும். குஞ்சுகள் பறக்கப் பழகியதும் அக்டோபரில் எல்லாமாகச் சேர்ந்து மடகாஸ்கருக்குப் புறப்படுகின்றன. முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டி அனுப்பிப் பார்த்ததில், கடற்கரையோரமாக அல்ல, சகாராவை நேராகக் குறுக்கே தாண்டி, ஆப்பிரிக்காவின் நடுவழியாகப் போவது தெரிந்தது.

கடல் பிடித்து வைத்திருக்கும் வெப்பம் எப்போதும் இதமாகவே செலவாகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து ஒரு குளிர்காற்றுக் குளம் துண்டித்துக்கொண்டு வந்து மேல்வானத்தில் நின்றால், கீழே வெதுவெதுப்பான கடல், மேலே உறைகுளிர். அந்த வித்தியாசமே எஞ்சின். நடுவில் கண்ணோடு சுழலும் சிறு சூறாவளிகள் மத்தியதரைக் கடலிலும் பிறக்கும். வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகையில் புயல் பிறப்பதற்கும் நீரின் சேமிப்பே தீனி. மத்தியதரையில் கடல் அவ்வளவு சூடில்லாததால் குறையை மேல்வானத்துக் குளிர் ஈடுகட்டுகிறது. 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற புயல் கெஃபலோனியா தீவையும் அதைச் சுற்றிய தீவுகளையும் அடித்தது. 2023 செப்டம்பர் தொடக்கத்தில் டேனியல் புயல், கிரேக்கத்தின் பீலியோன் மலையிலுள்ள ஸகோரா ஊரில் ஒரே நாளில் 750 மில்லிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. தெசலிச் சமவெளி ஏரியானது. பிறகு புயல் கடலுக்குத் திரும்பி லிபியாவில் கரையேறியது; தெர்னா நகரத்துக்கு மேலே இருந்த அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

ஆகவே கடைசிப் பருவத்தில் தங்க வருபவர் வானிலை அறிக்கையைத் தினம் பார்ப்பது நல்லது. ஆனாலும் கூட்டம் மெல்ல இந்தப் பக்கம் நகர்கிறது. 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவின் காட்டுத்தீ சுமார் 19,000 பேரை ஹோட்டல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வெளியேற்றியது. அதே மாதத்தில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸை மதிய வேளைகளில் மூடி வைக்க வேண்டியிருந்தது. நடுக்கோடை இப்படி ஆகிவிட்டால், புத்தியுள்ளவர்கள் செப்டம்பரையும் அக்டோபரையும் தேடுவது இயல்பு.

ஆனால் ஹோட்டல்கள் கடலைப் பார்த்துக் கதவை மூடுவதில்லை. வட ஐரோப்பாவிலிருந்து தீவுக்கு நேரடியாக வரும் சுற்றுலா விமானங்கள் அக்டோபர் கடைசியோடு நின்றுவிடும். கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். சூரியன் திடீரென்று ஐந்தரைக்கே மறையும். பணியாட்கள் ஆலிவ் பறிக்கவும், திராட்சைச் சக்கையில் ராக்கி காய்ச்சும் வேலைக்கும் ஊருக்குப் போவார்கள். நவம்பரில் கடல் இன்னும் 20, 21 டிகிரியில் இருக்கும். குளிக்கத்தான் ஆள் இருக்காது.

திரும்பக் கதவு திறப்பது ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில். அப்போது உச்சிவெயிலில் சூரியன் அக்டோபர் 20ஐவிட ஏறத்தாழ இருபத்தைந்து டிகிரி கூடுதல் உயரத்தில் நிற்கும், மேடெல்லாம் பூ, பகல் பதினான்கு மணி நேரத்தை நெருங்கும். முதல் விருந்தினர் துண்டை வீசிவிட்டு மணலில் ஓடி வந்து கடலில் பாய்வார், பாய்ந்த வேகத்திலேயே அலறிக்கொண்டு திரும்பி ஓடி வருவார். தண்ணீர் பதினெட்டு டிகிரி. வரவேற்பு மேஜையில் இருப்பவர் அவரிடம் நீச்சல் குளத்துக்கு வழி காட்டுவார். அதற்கு மட்டும் ஹீட்டர் உண்டு.